அரை சென்டி கூடக் குறைய

பகலெல்லாம் என் கழுத்தில் தொங்கும் டேப்
பொழுது போனதும் என்னோடு மாடி ஏறும்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங்.
மார்பு, தோள், கை நீளம்.
அரை சென்டி கூடக் குறைய விடலாம்.
அதைத் தாண்டினால் சிவப்பு அம்பு ஒட்டி
அந்தப் பக்கம் வீச வேண்டியது.

அனுப்பர்பாளையத்தில்
பாத்திரம் தட்டும் சத்தத்துக்கு நடுவே
வாடகை வீட்டு மொட்டைமாடி,
தகரச் சரிவுக்கடியில் பதினோரு கூண்டு.
எல்லாம் குள்ள முயல்.
எடை ஒரு கிலோ. காது இரண்டு அங்குலம்.
தலை பந்தாக உருள வேண்டும்,
கழுத்து என்று ஒன்று இருப்பதே
தெரியக் கூடாது.
முதுகு காதடியில் கிளம்பி
இடுப்பில் மேடேறி
வாலுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கணும்,
கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சி போல.

சுவரில் ஒட்டிய படத்தில் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
நேரில் நான் பார்த்ததில்லை.

குள்ளத்தோடு குள்ளத்தைச் சேர்த்தால்
நாலில் ஒன்று
விரல் நீளத்துக்குப் பிறக்கும்.
கடலை என்போம் அதை.
இடுப்பு சூம்பி, மண்டை மட்டும் பெருத்து,
பாலுக்கு முட்டி முட்டி
மூன்றாம் நாள் சில்லிட்டுக் கிடக்கும்.
எல்லாரும் ஆசைப்படுகிற அந்தச் சின்னது
இரண்டு பங்காய் வந்தால் உயிர் தங்காது.
கறிவேப்பிலைத் தொட்டியில் புதைக்கிறேன்.
வீட்டுக்காரம்மா ரசத்துக்குக் கிள்ளிப் போகும்போது
"இந்த வருசம் என்னா வாசங் கண்ணு" என்கிறார்.
ஆமாங்க என்கிறேன்.

ஏழாம் கூண்டில் இருப்பவளுக்கு
தம்பி வைத்த பெயர் லாரி.
குள்ளப் பங்கு ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.
ஒன்றே முக்கால் கிலோ,
முறம் மாதிரி காது, கழுத்து வேறு.
அம்பு ஒட்டினால்
ஒரு ரோல் போதாது.
ஆனால் அவளுக்குக் கடலை பிறக்காது.
ஐந்து போட்டால் ஐந்தும் நிற்கும்.
பாதி அவளைப் போலவே வளர்ந்துவிடும்,
பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.
மீதிப் பாதியில்தான்
படத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடுகிறேன்.

சித்திரையில் ஆண் முயல்கள்
சாக்கு நனைத்துப் போட்டாலும் சுணங்கிப் படுக்கும்.
ஐஸ் பாட்டிலைக் கட்டிக்கொண்டு
லாரி மட்டும் வேலிமசாலை மென்றுகொண்டிருப்பாள்.

தை மாதம்
பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமேடைச் சோபாவை ஓரம் தள்ளி
மேசைமேல் கம்பளம் விரித்திருந்தார்கள்.
ஜட்ஜ் இக்னேஷியஸ், பொள்ளாச்சிக்காரர்.
லாரியின் மகனை முன்னங்காலைக் கூட்டி நிறுத்தி
கண்ணை மூடிக்கொண்டு
முதுகை ஒரு முறை தடவினார்.
பிறகு இன்னொரு முறை, மெதுவாக.
பல்லைப் பார்த்தார், மயிரை ஊதிப் பார்த்தார்.
"இடுப்பெலும்பு கொஞ்சம் தட்டுப்படுது.
மத்தபடி..." என்று நிறுத்தி
கோப்பையை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

வெளியே டீக் குடிக்கையில் கேட்டார்,
"தாய் எப்படிங்க இருக்கும்?"
போனில் தேடினேன்.
காது ஃபிரேமுக்கு வெளியே போன படம் ஒன்று இருந்தது,
அதைக் காட்டினேன்.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
சிரிப்பை டீயில் ஊதினார்.
"எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க.
ஆருக்கும் காட்டறதில்ல."

கடைசி பஸ்ஸில்
மடியில் முயல் பெட்டி, காலடியில் கோப்பை.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
கோப்பை மட்டும் கிணுகிணுத்தது.

மாடியேறினால் ஏழாம் கூண்டில்
தட்டைக் கவிழ்த்துப்போட்டு நிற்கிறாள்,
தீனி நேரம் தாண்டிவிட்ட கோபம்.
மார்பு மயிரைப் பிடுங்கத் தொடங்கியிருக்கிறாள்.
வியாழக்கிழமை இல்லையென்றால் வெள்ளி.
குட்டிபோடும் பெட்டியெல்லாம் குள்ளத்துக்கு அடித்தது,
போன தடவையே திரும்ப இடமில்லாமல்
ஒரு பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டாள்.
நாளைக்குப் பேக்கிங் செக்‌ஷன் செந்தாமரையிடம்
ஏற்றுமதி அட்டைப்பெட்டி ஒன்று கேட்கணும்,
டபுள் எக்ஸெல் போகிறதே, அந்த அளவு.